எலும்புக்கூட்டுக்கு இத்தனை வேலையா? ஹோல்பைனின் மரணப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா ஒரு சிறிய லெட்டர் பிரஸ் வைத்திருந்தார். மை வாசனையோடு வளர்ந்ததால் பழைய அச்சுப்படங்கள் மேல் எனக்கு ஒரு கிறுக்கு. சில வருடங்களாக ஒரு நூலகத்தின் மாதக் கூட்டத்தில் அந்தப் படங்களைப் பெரிதாக்கித் திரையில் காட்டிப் பேசிவருகிறேன். அதில் ஹான்ஸ் ஹோல்பைனின் மரணப் படங்களுக்கு வந்த அளவு கேள்விகள் வேறு எதற்கும் வரவில்லை. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் என்ன படம் சார்? யார் வரைஞ்சது?

வரைந்தவர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பெயரும் ஹான்ஸ் ஹோல்பைன்தான், அவரும் ஓவியர். அதனால்தான் மகனுக்கு 'இளைய' என்ற அடைமொழி. 1515 வாக்கில் வேலை தேடி பாசல் நகருக்கு வந்தார். இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஐரோப்பாவின் பெரிய அச்சுத் தலங்களில் ஒன்று. புத்தகம் அச்சாகும் ஊரில் படம் வரைபவருக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

1523-க்கும் 1526-க்கும் நடுவில் அவர் ஒரு படவரிசை வரைந்தார். போப்பாண்டவர், பேரரசர், நீதிபதி, வியாபாரி, கன்னியாஸ்திரி, உழவன் என்று படத்துக்கு ஓர் ஆள். ஒவ்வொருவரையும் கூட்டிப்போக ஓர் எலும்புக்கூடு வருகிறது. அதுதான் மரணம். 'மரண நடனம்' என்றுதான் இந்த வரிசையைச் சொல்வது வழக்கம். 1538-ல் பிரான்சின் லியோன் நகரில் இவை புத்தகமாக வெளிவந்தன. முதல் பதிப்பில் 41 படங்கள்.

நிஜத்தில் எவ்வளவு பெரிசு? சுவர்ல மாட்டுற அளவா?

திரையில் பார்த்துவிட்டு எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு படமும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் அகலம். பாஸ்போர்ட் போட்டோவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் அரண்மனை, மேஜை, விருந்து, பத்துப் பேர், அவர்கள் முகத்தில் பத்து விதமான பாவனை. புத்தகமும் கையடக்கமானது. இதைக் கூட்டமாக நின்று பார்க்க முடியாது. ஒருவர் மட்டும் மடியில் வைத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும்.

இதைவிடச் சிறியதும் உண்டு. அதே வருடங்களில் ஹோல்பைன் லத்தீன் எழுத்துகளுக்கு ஒரு மரண வரிசை வரைந்தார். மொத்தம் 24 எழுத்து. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் சதுரம், தபால்தலை அளவு. அத்தியாயத்தின் முதல் எழுத்தாகப் போடுவதற்கானது. அந்த எழுத்துக்குப் பின்னாலும் எலும்புக்கூடுகள் ஆட்களைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

மரச்செதுக்குன்னா மரத்துல சிற்பம் செதுக்குற மாதிரியா?

ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும். வழவழப்பாக இழைத்த பலகையில் படத்தை வரைவார்கள். கோடு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கத்தியால் வெட்டி எடுப்பார்கள். கடைசியில் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அதன் மேல் மை தடவித் தாளை அழுத்தினால் படம். தாளில் இடம் வலமாக மாறி விழும் என்பதால் கட்டையில் திருப்பி வரைய வேண்டும்.

இதன் வசதி என்னவென்றால், ஈய எழுத்தும் மேடு, கட்டையின் கோடும் மேடு. இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அச்சடித்துவிடலாம். லெட்டர் பிரஸ் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்போசிங் நடுவே 'பிளாக்' வைத்துப் பூட்டுவார்களே, அதன் பாட்டன்தான் இது. செப்புத்தகட்டுப் படத்துக்கு இந்த வசதி கிடையாது. அதில் மை பள்ளத்தில் நிற்கும். தனி இயந்திரத்தில் தனியாக அழுத்தி எடுக்க வேண்டும், செலவும் கூட. கத்தோலிக்கச் சபையிலிருந்து புராட்டஸ்டன்ட்கள் பிரிந்த சீர்திருத்தக் காலத்துத் துண்டறிக்கைகளிலும் புத்தகங்களிலும் மரச்செதுக்குப் படங்கள் நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்ப ஹோல்பைனே உட்கார்ந்து செதுக்கினாரா?

இல்லை. வரைவது ஒருவர், செதுக்குவது இன்னொருவர் என்பதுதான் அன்றைய தொழில்முறை. இந்தப் படங்களைச் செதுக்கியவர் ஹான்ஸ் லூட்செல்பர்கர். என்னைக் கேட்டால் பாதிப் புகழ் அவருக்குப் போக வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிழல் காட்டுவது பேனாவுக்கு ஒரு நொடி வேலை. செதுக்குபவரோ அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் குட்டிக் குட்டிக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். கத்தி ஒருமுறை வழுக்கினால் ஒரு மூக்கு போய்விடும். ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் இதைச் செய்திருக்கிறார், அதுவும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்கூட முகபாவனை கெடாத அளவுக்கு.

டச்சஸ் (கோமகள்) படத்தில் ஒரு பெண் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் கட்டிலின் கால்பக்கத்தில் அவருடைய பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. 41 படங்களில் அவர் தன் அடையாளத்தை விட்டுவைத்தது அங்கே மட்டும்தான்.

எலும்புக்கூடுன்னா நம்ம எமன் மாதிரியா? ஆணா, பெண்ணா?

எமன் தர்மராஜன். அவனுக்குப் பாசக்கயிறு, எருமை, கணக்கு எழுதச் சித்திரகுப்தன் என்று ஒரு தர்பாரே உண்டு. இந்த எலும்புக்கூட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அது யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. நல்லவன், கெட்டவன் கணக்கெல்லாம் கிறிஸ்தவ நம்பிக்கைப்படி கடைசித் தீர்ப்பு நாளில் கடவுள் பார்த்துக்கொள்வார். நாற்பதாவது படம் அந்தத் தீர்ப்பு நாள்தான், அதில் எலும்புக்கூட்டைக் காணோம்.

ஆணா பெண்ணா என்பது மொழியைப் பொறுத்தது. ஜெர்மனில் மரணம் ஆண்பால், பிரெஞ்சில் பெண்பால். ஹோல்பைன் இரண்டையும் வரைந்திருக்கிறார். பேரரசியைக் கூட்டிப்போக வருவது வற்றிப்போன ஒரு கிழவி. தமிழில் மரணம் அஃறிணை என்பதால் நான் 'அது' என்றே எழுதுகிறேன்.

'மரண நடனம்'னு சொல்றீங்க. யாருமே ஆடலையே?

சரியான கேள்வி. 1538 புத்தகத்தின் தலைப்பிலும் நடனம் என்ற சொல் கிடையாது. அந்தப் பெயர் அதற்கு முந்தைய சுவரோவியங்களிலிருந்து ஒட்டிக்கொண்டது. பாரிஸில் ஒரு கல்லறைத்தோட்டத்துச் சுவரில் 1424-25-ல் அப்படி ஒன்று வரையப்பட்டது. செத்தவனும் உயிருள்ளவனும் மாறி மாறிக் கைகோத்து, போப்பிலிருந்து குழந்தை வரை ஒரே சங்கிலியாக ஆடிக்கொண்டு போவார்கள். பாசலிலேயே தொமினிக்கன் துறவிகளின் கல்லறைச் சுவரில் ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்துக்கு ஒன்று இருந்தது. 1440-களில் வரைந்தது. 1805-ல் சுவரை இடித்துவிட்டார்கள். மிஞ்சிய சில துண்டுகளை அந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஹோல்பைன் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர்.

அவர் செய்தது, அந்தச் சங்கிலியை அறுத்தது. ஊர்வலத்திலிருந்து ஒவ்வொருவரையும் பிரித்தெடுத்து அவரவர் வீட்டில், அவரவர் வேலையில் கொண்டுபோய் விட்டார். மரணம் இப்போது ஆளைத் தேடி அலுவலகத்துக்கே வருகிறது. நடனத்தில் மிச்சமிருப்பது இசை மட்டும். ஐந்தாவது படத்தில் எலும்புக்கூடுகள் எக்காளமும் முரசுமாகக் கச்சேரி நடத்துகின்றன. கிழவியின் படத்தில் ஓர் எலும்புக்கூடு மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிறது. ஐரோப்பாவில் சைலோஃபோனைக் காட்டும் பழைய படங்களில் இதுவும் ஒன்று.

பிளேக் வந்ததாலதானே இப்படியெல்லாம் வரைஞ்சாங்க?

ஓரளவுக்கு. 1347-லிருந்து 1351 வரை அடித்த கொள்ளைநோயில் ஐரோப்பாவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காவது போய்ச் சேர்ந்தது. அதன் பிறகும் அது விட்டுவிட்டு வந்துகொண்டேதான் இருந்தது. 1527-ல் ஜெர்மனியின் விட்டன்பர்கில் பரவியபோது, சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் ஊரைவிட்டு ஓடாமல் தங்கி, 'ஓடலாமா, கூடாதா' என்றே ஒரு சிறு நூல் எழுதினார். ஹோல்பைன் 1543-ல் லண்டனில் இறந்ததும் கொள்ளைநோய்க் காலத்தில்தான்.

ஆனால் படங்களைப் பாருங்கள். ஒருவர் உடம்பிலும் கட்டியோ புண்ணோ கிடையாது. குவியல் குவியலாகப் பிணங்கள் கிடையாது. கப்பல் மூழ்குகிறது, வீரன் குத்துப்பட்டுச் சாகிறான், மற்றவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிளேக் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு ஆரோக்கியமான சாவுகளை வரைந்திருக்க மாட்டார்.

ஒரு படத்தை எப்படிப் பார்க்கணும்? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியுது.

முதலில் எலும்புக்கூட்டை விட்டுவிடுங்கள். அந்த ஆள் அந்த நிமிடம் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் எலும்புக்கூட்டின் கைக்கு வாருங்கள். அது அநேகமாக அவருடைய தொழிற்கருவியையோ பதவிச் சின்னத்தையோ பிடித்திருக்கும். நீதிபதி கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். பணக்காரன் பணப்பையைத் துழாவுகிறான், பக்கத்தில் ஏழை ஒருவன் கைகட்டி நிற்கிறான். மரணம் பின்னாலிருந்து நீதிபதியின் கோலை முறிக்கிறது. கப்பல் படத்தில் பாய்மரத்தையே முறிக்கிறது. மடத்துத் தலைவரிடமிருந்து அவருடைய தலைப்பாகையையும் செங்கோலையும் பறித்து, தான் போட்டுக்கொண்டு, கொழுத்த அந்த மனிதரை அங்கியைப் பிடித்து இழுத்துப்போகிறது.

சில படங்களில் அது வேலைக்காரனாகவே வருகிறது. அரசர் விருந்து மேஜையில் இருக்கிறார், பரிமாறும் ஆட்களுக்கு நடுவில் நின்று மரணம் மது ஊற்றுகிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருத்துவர் படத்தில் ஒரு கிழவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து, சிறுநீர்க் குப்பியையும் நீட்டுகிறது. அன்றைய மருத்துவர்கள் அதைப் பார்த்துத்தான் நோய் சொல்வார்கள். மேலே லத்தீனில் அச்சடித்திருக்கும் வசனம்: வைத்தியனே, உன்னையே குணமாக்கிக்கொள். சோதிடர் கிரகங்களின் கோளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். 'இதையும் கொஞ்சம் கணிச்சுச் சொல்லு' என்பதுபோல் அவர் முகத்துக்கு முன்னால் ஒரு மண்டையோட்டை நீட்டுகிறது.

என்னை அதிகம் உலுக்கிய படம் பங்குத்தந்தையுடையது. சாகக்கிடக்கும் யாருக்கோ நற்கருணை அப்பம் எடுத்துக்கொண்டு போகிறார். வழக்கப்படி முன்னால் ஒரு பையன் விளக்கும் மணியுமாகப் போக வேண்டும். போவது மரணம். சாவு எங்கோ ஒரு வீட்டில் காத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அது அவருக்கே வழிகாட்டுகிறது. கூடவே பல படங்களில் ஒரு மணற்கடிகாரம் ஒளிந்திருக்கும். தேடிப் பாருங்கள். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

சாமியார்கள், போப்பு மேல ஏன் இவ்வளவு கோபம்? லூதருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

லூதரின் சண்டையே சாவைப் பற்றியதில்தான் தொடங்கியது. கத்தோலிக்கப் போதனைப்படி, செத்தவரின் ஆன்மா பரலோகம் போவதற்கு முன் உத்தரிக்கும் ஸ்தலத்தில் வேதனைப்பட்டுத் தூய்மையடைய வேண்டும். அந்தக் காலத்தைக் குறைக்கப் பூசைகள் உண்டு, பாவமன்னிப்புச் சீட்டும் உண்டு. சீட்டைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். அப்பா அம்மா பெயரில்கூட வாங்கலாம். 1517-ல் லூதர் எழுதிய 95 கருத்துகள் இந்த வியாபாரத்துக்கு எதிரானவை. 1522-ல் விட்டன்பர்கில் ஆற்றிய ஒரு பிரசங்கத்தை அவர் இப்படித் தொடங்கினார்: நாம் எல்லாரும் சாவுக்கு அழைக்கப்பட்டவர்கள், ஒருவருக்காக இன்னொருவர் சாக முடியாது.

இதைத் தெரிந்துகொண்டு கர்தினால் படத்தைப் பாருங்கள். அவர் முத்திரைகள் தொங்கும் பாவமன்னிப்பு ஆவணம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மரணம் அவருடைய தொப்பியைப் பிடித்து இழுக்கிறது. போப்பாண்டவர் படம் இன்னும் காரம். ஒரு பேரரசர் குனிந்து அவர் காலை முத்தமிடுகிறார், அவர் கிரீடம் சூட்டுகிறார், தலைக்கு மேல் பிசாசுகள் பறக்கின்றன. கன்னியாஸ்திரி பீடத்தின் முன் முழந்தாளில் இருந்தபடி திரும்பிப் பார்க்கிறாள். பார்வை போகும் இடத்தில் ஓர் இளைஞன் கட்டிலில் உட்கார்ந்து வீணை மாதிரியான லூட் வாசிக்கிறான். மரணம் பீடத்து மெழுகுவத்தியை அணைக்கிறது.

அப்ப இது புராட்டஸ்டன்ட் பிரசாரப் புத்தகம்தானே?

அங்கேதான் சிக்கல். அது அச்சானது கத்தோலிக்க ஊரான லியோனில், டிரெக்செல் சகோதரர்களின் அச்சகத்தில். முன்னுரை எழுதிய ழான் தெ வோசெல் கத்தோலிக்கர். அவர் அதைக் காணிக்கையாக்கியது லியோனின் ஒரு கன்னியர் மடத்துத் தலைவிக்கு. புத்தகத்துக்குள்ளேயே ஒரு மடத்துத் தலைவியை மரணம் அங்கியைப் பிடித்து இழுத்துப்போகும் படம் இருக்கிறது! அந்த அம்மையார் அந்தப் பக்கத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் ஓர் ஆர்வம்.

ஒவ்வொரு படத்துக்கும் மேலே லத்தீன் வேதவசனம், கீழே ஜில் கொரோசே எழுதிய நான்கு வரிப் பிரெஞ்சுக் கவிதை. சொற்கள் பொதுவான பக்திச் சொற்கள், குத்தல் எல்லாம் படத்தில். கத்தோலிக்கர் இதைப் படித்துச் 'சாவுக்குத் தயாராகு' என்ற பழைய உபதேசமாக எடுத்துக்கொள்ளலாம், லூதர் பக்கத்தவர் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் வாங்கின. என் கருத்து, ஹோல்பைனின் படங்களில் கோபம் சபை மேல் மட்டும் இல்லை. லஞ்சம் வாங்கும் நீதிபதியும், பணக்காரக் கட்சிக்காரனிடம் காசு வாங்கும் வக்கீலும், காதில் பிசாசு துருத்தி ஊத ஏழையைத் திரும்பிப் பார்க்காத நகரசபை உறுப்பினரும் அதே அடிதான் வாங்குகிறார்கள்.

சீர்திருத்தக்காரங்க சர்ச்சுல இருந்த படங்களையெல்லாம் உடைச்சாங்களாமே. அப்ப இவர் பிழைப்பு?

உடைத்தார்கள். 1529 பிப்ரவரியில் பாசலின் தேவாலயங்களில் புகுந்து சிலைகளையும் ஓவியங்களையும் நொறுக்கித் தீவைத்தார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பே தேவாலயங்களுக்கு ஓவியம் வரையும் வேலை வற்றத் தொடங்கியிருந்தது. 1526-ல் அவர் இங்கிலாந்து போகக் கிளம்பியபோது அறிஞர் எராஸ்மஸ் கொடுத்தனுப்பிய அறிமுகக் கடிதத்தில், இங்கே கலைகள் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கின்றன என்று எழுதினார். ஹோல்பைன் 1528-ல் திரும்பிவந்தார், 1532-ல் மறுபடி லண்டனுக்கே போய்விட்டார். அங்கே மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியரானார்.

வழிபடும் படம்தான் சீர்திருத்தக்காரர்களுக்கு எதிரி. புத்தகத்தில் படிக்கும் படத்தின் மேல் அந்தக் கோபம் இல்லை.

சரி, பணக்காரனைப் பிடிக்குது, நியாயம். குழந்தையை ஏன் பிடிக்கணும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாருமே கொஞ்சம் கோபமாகத்தான் கேட்கிறார்கள். படம் அப்படி. கூரை பிய்ந்துபோன ஒரு குடிசை. தாய் தரையில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். மரணம் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகிறது. குழந்தை திரும்பி அம்மாவைப் பார்க்கிறது. இதில் குத்தல், நையாண்டி ஒன்றும் கிடையாது.

நான் சொல்லும் பதில் இதுதான்: மேலே சொன்ன நீதிபதி, கர்தினால் வரிசையை மட்டும் பார்த்தால் மரணம் தண்டனை கொடுக்க வந்தது போலத் தோன்றும். குழந்தையின் படம் அந்த எண்ணத்தைக் கெடுத்துவிடுகிறது. மூட்டை சுமக்கும் நடைவியாபாரியும் அப்படித்தான். அவன் என்ன தப்புச் செய்தான்? முதுகில் தன்னைவிடப் பெரிய சுமையோடு அடுத்த சந்தைக்குப் போகிறவனைச் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்துகிறது. அவன் 'இன்னும் போகணும்' என்பதுபோல் முன்னால் கைகாட்டுகிறான். முதல் நான்கு படங்கள் ஆதாம் ஏவாள் கதை. பாவத்தால் சாவு உலகத்துக்குள் வந்தது, வந்தபின் ஆள் பார்ப்பதில்லை என்பது அந்தக் காலத்து விளக்கம். ஏற்பதும் ஏற்காததும் உங்கள் இஷ்டம்.

பிரபு படத்துல எலும்புக்கூடு விவசாயி உடுப்புல இருக்கே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். தரையில் தானியம் அடிக்கும் கோலும் கிடக்கிறது. குடியானவன் வேஷத்தில் வந்த மரணம் பிரபுவின் குலச்சின்னம் பொறித்த கேடயத்தையே தூக்கி அவன்மேல் வீசப்போகிறது. 1524-25-ல் ஜெர்மானிய நாடுகளில் குடியானவர்கள் பிரபுக்களுக்கு எதிராகப் பெரும் கலகம் செய்தார்கள், ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். ஹோல்பைன் இந்த வரிசையை வரைந்துகொண்டிருந்த அதே காலம். தொடர்பு இல்லை என்று நம்புவது எனக்குக் கஷ்டம்.

புத்தகத்துல ஓவியர் பெயரே இல்லைன்னு சொன்னாங்க, நிஜமா?

நிஜம். 1538 பதிப்பில் ஹோல்பைன் பெயரும் இல்லை, லூட்செல்பர்கர் பெயரும் இல்லை. முன்னுரையில் ஒரு விசித்திரமான பத்தி மட்டும் இருக்கிறது. இந்த அழகான உருவங்களைப் படைத்தவர் இறந்துபோனார் என்கிறார் வோசெல். தன்னை இவ்வளவு உயிரோடு தீட்டினால் இனி யாரும் பயப்பட மாட்டார்கள், தீட்டியவனும் சாகாவரம் பெற்றுவிடுவான் என்று அஞ்சி, மரணம் அவருடைய நாட்களைச் சீக்கிரம் முடித்துவிட்டதாம். அதனால் வேறு சில படங்கள் பாதியில் நின்றுவிட்டனவாம். உடைந்த வண்டிக்கு அடியில் நசுங்கிய வண்டிக்காரன் படத்தைக் குறிப்பிட்டே சொல்கிறார்.

ஆனால் 1538-ல் ஹோல்பைன் லண்டனில் உயிரோடு, நல்ல சம்பளத்தில் இருந்தார். செத்தவர் செதுக்கியவர். லூட்செல்பர்கர் 1526-லேயே இறந்துவிட்டார். அப்போது டிரெக்செல் சகோதரர்களில் ஒருவரான மெல்கியோருக்கு அவர் கடன்பட்டிருந்தார், கட்டைகள் லியோனுக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அவை ஏன் புத்தகமாகாமல் கிடந்தன என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள்.

41-னு ஒருத்தர் சொல்றார், 53-னு ஒருத்தர், 58-னு ஒருத்தர். எது சரி?

மூன்றும் சரிதான், பதிப்பு வேறு. 1538-ல் 41. பின்பு லியோனிலேயே ஃப்ரெலோன் என்ற பதிப்பாளர்களின் கைக்கு வந்து, பதிப்புக்குப் பதிப்புப் படங்கள் கூடின. 1562-ல் 58. புதிதாக வந்தவர்களில் படைவீரன், சூதாடி, குடிகாரன், திருடன், குருடன் உண்டு. மேலே சொன்ன வண்டிக்காரனும் ஒருவழியாக வந்து சேர்ந்தான். மதுப்பீப்பாய் வண்டி குடைசாய்ந்து கிடக்கிறது, ஓர் எலும்புக்கூடு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறது.

யாரையாவது விட்டுவெச்சிருக்கா?

ஒரே ஓர் ஆளை. பின்னால் சேர்ந்த படங்களில் ஒன்று பிச்சைக்காரன். உடம்பில் துணியில்லை. ஒரு பெரிய கட்டடத்துக்கு வெளியே வைக்கோலில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டிருக்கிறான். சாவு வராதா என்று காத்திருக்கிறான். படத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடினாலும் எலும்புக்கூடு கிடையாது. மணற்கடிகாரமும் கிடையாது. வசனம் ரோமர் நிருபத்திலிருந்து: இந்த மரண சரீரத்திலிருந்து யார் என்னை விடுதலையாக்குவார்?

டியூரர் வரைஞ்ச குதிரைவீரன், மரணம், சாத்தான் படமும் இதே வகைதானே?

விஷயம் பக்கத்தில், தொழில்நுட்பம் வேறு. 1513-ல் ஜெர்மானிய ஓவியர் டியூரர் செய்த அந்தப் படம் செப்புத்தகட்டில் செதுக்கியது. இணையத்தில் பாதிப் பேர் அதை மரச்செதுக்கு என்று எழுதுகிறார்கள். மரச்செதுக்கில் அவருடைய மரணத்தைப் பார்க்க வேண்டுமானால் 1498-ல் வந்த நான்கு குதிரைவீரர்கள் படத்தைப் பாருங்கள். அங்கே மரணம் எலும்புக்கூடு இல்லை. எலும்பும் தோலுமான தாடிக்கிழவன், அவனுக்கேற்ற நோஞ்சான் குதிரை. அந்தப் படம் ஹோல்பைன் படங்களைப்போல ஆறு மடங்கு உயரம். லூதருக்கு முந்தையது என்பதையும் மறக்க வேண்டாம்.

இணையத்துல ஒரே படம் இடவலம் மாறி ரெண்டு விதமா இருக்கே. எது அசல்?

புத்தகம் நன்றாக விற்றதால் திருட்டுப் பதிப்புகளும் வந்தன. 1545-ல் வெனிஸிலும், 1555-ல் கொலோனிலும் வேறு ஆட்கள் நகல் செதுக்கி வெளியிட்டார்கள். அச்சிட்ட படத்தைப் பார்த்தபடியே புதுக் கட்டையில் வரைந்தால், அச்சாகும்போது திரும்பி விழும். இதன் காரணத்தை மரச்செதுக்கு பற்றிய கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன். 1651-ல் வென்செஸ்லாஸ் ஹாலர் என்ற ஓவியர் உலோகத்தகட்டில் செய்த நகல்களும் புழங்குகின்றன. அவை மென்மையாக, சாம்பல்நிறச் சாயலோடு இருக்கும். முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நகலில் முதலில் கெடுவது முகம்தான்.

உழவன் படத்துல மரணம் கெடுக்க வந்ததா, உதவி செய்ய வந்ததா?

இதற்கு எங்கள் கூட்டத்தில் ஒருமுறைகூட ஒரே பதில் வந்ததில்லை. கந்தல் உடுப்போடு ஒரு கிழவர் கலப்பையைப் பிடித்திருக்கிறார். நான்கு ஒல்லிக் குதிரைகள் இழுக்கின்றன. எலும்புக்கூடு பக்கத்தில் ஓடிக்கொண்டே சாட்டையால் குதிரைகளை முடுக்குகிறது. தூரத்தில் தேவாலயம், மலைக்குப் பின்னால் பெரிய சூரியன், வானம் முழுக்கக் கதிர்கள். மேலே ஆதியாகமத்தின் வசனம்: உன் முகத்தின் வேர்வையால் ஆகாரம் புசிப்பாய். இழுக்கவில்லை, பறிக்கவில்லை, எதையும் முறிக்கவில்லை. மற்ற படங்களில் இருக்கும் கேலிச் சிரிப்பும் இல்லை.

'கிழவரை ஓட ஓட விரட்டுது' என்பார் ஒருவர். 'கடைசிச் சால், சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம்னு கூட ஓடுது' என்பார் இன்னொருவர். போன தடவை, பத்து வருடத்துக்கு முன்பு வரை ஏர் பிடித்தவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்துவந்து திரைக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். மரணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. குதிரைகளின் விலாவைக் காட்டி, 'இதுங்களுக்குத் தீனி பத்தல' என்றார்.